ரோட்டோரம் மஞ்சளா பூத்ததெல்லாம் ஆவாரை இல்லைங்க

நீங்க கேட்டது இதுதான்: கோயம்புத்தூர்ல இருக்கீங்க, அப்பாவுக்கு சுகர், சொந்தக்காரங்க ஆவாரம்பூ டீ குடிக்கச் சொல்றாங்க, நாட்டு மருந்துக் கடைல விக்கிற காஞ்ச பூ மேல நம்பிக்கை இல்ல, அதனால நாமே போய்ப் பறிச்சுக்கலாம்னா எந்தக் காட்டுக்குப் போகணும், பைபாஸ் நடுவுல மஞ்சளா பூத்துக் கிடக்கே அதானா ஆவாரை. இதுல எங்க வளரும், எப்படி அடையாளம் காணுறதுங்கற ரெண்டுக்கும் நான் தெளிவா பதில் சொல்ல முடியும், காலேஜ்ல தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன், பசங்களைக் கூட்டிட்டு இந்தப் பக்கத்துப் பொட்டக்காடெல்லாம் சுத்தினவன். அதைக் குடிச்சா சுகர் குறையுமாங்கற மூணாவது கேள்வியை நீங்க நேரா கேக்கல, ஆனா விஷயமே அதுதான்னு புரியுது. அதுல நான் டாக்டரும் இல்ல வைத்தியரும் இல்ல, தெரிஞ்ச வரைக்கும் கடைசில சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, காட்டுக்குப் போகாதீங்க. காட்டுச்செடின்னு சொல்லிச் சொல்லி எல்லாரும் மலையடிவாரத்துல மரம் அடர்ந்த இடத்துல தேடுறாங்க, அங்க ஆவாரை இருக்காது, ஏன்னா அதுக்கு நிழல் ஆகாது. நாள் பூரா வெயில் அடிக்கணும், மண்ணுல தண்ணி நிக்கக் கூடாது, சரளையோ செம்மண்ணோ கல்லாங்குத்தோ எதுவா இருந்தாலும் பரவால்ல. மேய்ச்சல் தரை, ஏரிக்கரையோட மேல்பக்கம், ரயில் பாதை ஓரம், மானாவாரிக் காட்டு வரப்பு, பழைய கல் குவாரி சுத்துவட்டாரம், கரட்டு அடிவாரம், இப்படி மனுஷன் நடந்து மாடு மேஞ்சு பழகின வறண்ட இடம்தான் அதோட வீடு. உங்க ஊருக்கு மேக்கால சிறுவாணி பக்கம் போனா மழை ஜாஸ்தி, செடி குறைவு. கிழக்கால சூலூர் தாண்டி பல்லடம், காங்கேயம்னு போகப் போக மழை குறையும், ஆவாரை கூடும். காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், இருக்கு பாருங்க, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமா இருக்கும், அந்த வேலி ஓரத்துலயும் ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரிப் பாதைலயும் தேடுங்க. மதுக்கரை, எட்டிமடை பக்கமும் காஞ்ச நிலம்தான், ஆனா அங்க யானை நடமாட்டம் உண்டு, காப்புக்காட்டு எல்லையும் பக்கத்துலயே வரும், அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போய் எதைப் பறிச்சாலும் வனச்சட்டப்படி குத்தம். பட்டா நிலம்னா தோட்டத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, பெரும்பாலும் யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, இதை ஒரு பயிராவே யாரும் நினைக்கறது இல்ல.

கொஞ்சம் பெரிய வட்டமாப் பாத்தா தமிழ்நாட்டுல மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கற வறண்ட மாவட்டம் எல்லாத்துலயும் உண்டு, ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவோட உள்மாவட்டங்கள், மகாராஷ்டிரா, குஜராத், ராஜஸ்தான்னு தக்காணத்துலயும் மேற்கு இந்தியாவுலயும் வறண்ட பூமிலெல்லாம் பரவியிருக்கு. தெலங்கானாவுக்கு இதுதான் மாநில மலர், அங்க தங்கேடுன்னு சொல்வாங்க, பதுகம்மா பண்டிகைல பூவை அடுக்கடுக்கா அடுக்கும்போது இது இல்லாம இருக்காது. இலங்கைலயும் வடக்கு, தென்கிழக்குன்னு வறண்ட பகுதிகள்ல தானா வளருது, சிங்களத்துல ரணவரா, அங்க அதை டீயா குடிக்கறது ரொம்ப சாதாரணம். கேரளாப் பக்கம் ஈரமான இடத்துல தேடினா ஏமாறுவீங்க. மலை மேல ஏற ஏறவும் குறைஞ்சு போயிடும்.

இவ்வளவு மிதிபட்ட இடத்துல எப்படித் தாக்குப் பிடிக்குதுன்னா, மாடு பொதுவா இதைத் தொடாது. சுத்தியிருக்கற புல்லையும் மத்த செடியையும் கரும்பித் தின்னுட்டு இதை மட்டும் விட்டுட்டுப் போயிடும், அதனால மேய்ச்சல் அதிகமான நிலத்துலதான் ஆவாரை தனியா எடுப்பா தெரியும். வேர் ஆழமா இறங்கும், வெட்டினாலும் அடியில இருந்து துளிர்க்கும். அப்புறம் ஏன் முன்ன மாதிரி கண்ணுல படறது இல்லன்னா, செடிக்கு ஒண்ணும் ஆகல, அதோட நிலம் போயிடுச்சு. புறம்போக்கு, தரிசுன்னு பேர் வச்ச இடம்தான் முதல்ல சைட்டா மாறுது, ஜேசிபி வந்து ஒரே நாள்ல வழிச்சு எடுத்துடுது. விட்டுப்போன இடத்துல சீமைக்கருவேலம் ஏறி நிழல் கட்டிடுச்சுன்னா அடியில ஆவாரை நிக்காது. வரப்புல களைக்கொல்லி அடிக்கறது இன்னொரு பக்கம். கோயம்புத்தூருக்குள்ளயே ஆவாரம்பாளையம்னு ஒரு ஏரியா இருக்கு, இன்னிக்கு அங்க போய் ஆவாரை தேடிப் பாருங்க, மோட்டார் கம்பெனியும் வொர்க்‌ஷாப்பும்தான் கிடைக்கும்.

இனி அடையாளம். பூவை வச்சு முடிவு பண்ணாதீங்க, மஞ்சள் பூ நூறு இருக்கு. இலைக்காம்பு தண்டோட சேர்ற இடத்தைப் பாருங்க. அங்க ரெண்டு பக்கமும் வட்டமா, இலை மாதிரியே பச்சையா, காது மடல் கணக்கா ஒரு உறுப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும். இலையடிச் செதில்னு சொல்வோம், பொதுவா மத்த செடிகள்ல இது ஊசி மாதிரி சின்னதா இருந்து சீக்கிரம் உதிர்ந்துடும், ஆவாரைல அது விரல் நகத்தை விடப் பெருசா, ஒரு ஓரத்துல மெல்லிசா வால் நீண்டு, உதிராம கடைசி வரைக்கும் இருக்கும். இதோட அறிவியல் பேரே சென்னா ஆரிகுலேட்டா, லத்தீன்ல காது உள்ளதுன்னு அர்த்தம். நம்ம ஊர் வறண்ட சமவெளில தானா வளர்ற இந்த சென்னா இனத்துச் செடிகள்ல இப்படி ஒரு காது வேற எதுக்கும் கிடையாது, காது இருந்தா ஆவாரை, இல்லன்னா பறிக்காதீங்க, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

கூடவே ரெண்டு மூணு விஷயம் சரி பாத்துக்கலாம். செடி இடுப்பு உயரத்துல இருந்து ஆள் உயரம் வரைக்கும் புதரா இருக்கும், பட்டை செம்பழுப்பு. ஒரு இலையில எட்டுல இருந்து பன்னெண்டு ஜோடி சிற்றிலை, நுனி மழுங்கி இருக்கும், ஒவ்வொரு ஜோடிக்கு நடுவுலயும் நடுநரம்பு மேல நிமிர்ந்து நிக்கற ஒரு சின்ன சுரப்பி இருக்கும், லென்ஸ் இருந்தா நல்லா தெரியும், இல்லன்னா மொபைல் கேமராவ ஜூம் பண்ணிப் பாருங்க. பூ நல்லா விரிஞ்சா ரெண்டு அங்குலம் அகலம் இருக்கும், அஞ்சு இதழும் தனித்தனி, இதழ்ல ஆரஞ்சு நரம்பு ஓடும். காய் தட்டையா மெல்லிசா வெளிர்பழுப்பா தொங்கும், உள்ள விதை இருக்கற இடம் வெளியில புடைச்சுத் தெரியும்.

பைபாஸ் நடுவுல நீங்க பாத்தது பெரும்பாலும் டெகோமாங்கற அழகுச்செடியா இருக்கும், அது இந்தக் குடும்பமே கிடையாது, பூவைக் கையில எடுத்தா குழாய் மாதிரி ஒண்ணா ஒட்டியிருக்கும், இதழைத் தனியாப் பிரிக்க முடியாது. ரோட்டோரம் உயரமா நிக்கற மரத்துல மஞ்சளா கொத்துக் கொத்தாப் பூத்தா அது மஞ்சக்கொன்றையா இருக்கலாம். சத்தியமங்கலம், முதுமலைப் பக்கம் காட்டுக்குள்ள மரம் முழுக்க மஞ்சளா நின்னா அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ்ங்கற அமெரிக்க மரம், பாக்க அழகா இருக்கும், ஆனா அடியில புல்லு கூட முளைக்க விடாம காட்டையே பிடிச்சுடுது, வனத்துறை அதை வெட்டி காகிதக் கூழுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கு. நர்சரில ஆவாரைன்னு சொல்லியே சில சமயம் சென்னா சுரட்டென்சிஸ்ங்கற வேற வகையைத் தலையில கட்டுவாங்க, பூ கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், அங்கயும் காதைத்தான் தேடணும், அதுக்கு இருக்காது. தகரைக்கு மூணே ஜோடி இலை, காய் ஊசியா நீளமா வளைஞ்சிருக்கும். சீமை அகத்திக்கு பூங்கொத்து மெழுகுவத்தி ஏத்தி வச்ச கணக்கா நிமிர்ந்து நிக்கும், அது ஈரமான இடத்துல வர்றது. நிலாவரையும் இவங்க சொந்தம்தான், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இலைக்காகப் பயிர் பண்ணி ஏற்றுமதி பண்றாங்க, அது பேதி மருந்து, பேர் குழம்பி அதை டீ போட்டுட்டா ராத்திரி முழுக்க ஓட வேண்டியதுதான்.

இதுல விளையாட்டில்லாம பாக்க வேண்டியது பொன்னாவிரை. பேயாவிரைன்னும் சொல்வாங்க. குப்பைமேட்டுலயும் ரோட்டோரத்துலயும் மழை முடிஞ்சதும் கூட்டமா வரும், கசக்கினா கெட்ட நாத்தம், நாலஞ்சு ஜோடி இலை நுனி கூரா இருக்கும், இலைக்காம்போட அடியில ஒரே ஒரு கருத்த சுரப்பி, காய் மெல்லிசா மேல் நோக்கி லேசா வளைஞ்சு, நடுவுல பழுப்பும் ஓரத்துல வெளுப்புமா இருக்கும். அதோட விதை குழந்தைங்களுக்கு உயிருக்கே ஆபத்து. உத்தரப்பிரதேசத்தோட மேற்கு மாவட்டங்கள்ல வருஷா வருஷம் காய் காய்க்கற பருவத்துல சின்னக் குழந்தைங்க திடீர்னு வாந்தி, மயக்கம்னு விழுந்து சில நாள்லயே இறந்துக்கிட்டு இருந்தாங்க, ரொம்ப வருஷம் அது ஏதோ வைரஸ் மூளைக்காய்ச்சல்னே நினைச்சாங்க, பிறகுதான் குழந்தைங்க விளையாட்டா பறிச்சுத் தின்ன இந்த விதை கல்லீரல், தசை, மூளை மூணையும் தாக்குதுன்னு அங்க இருக்கற குழந்தை மருத்துவர்கள் கண்டுபிடிச்சாங்க. 2016ல ஒடிசா மல்காங்கிரில பழங்குடிக் குழந்தைங்க நிறைய பேர் இறந்தப்பவும் முதல்ல ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னுதான் பேச்சு, சிலருக்கு அந்தக் கிருமி இருந்ததும் உண்மை, ஆனா போய் ஆராய்ஞ்ச நிபுணர் குழு இந்தச் செடியோட விதையையும் காரணமாச் சொல்லுச்சு. பூவும் ஆவாரையோட பூவை விடச் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம்னு நினைச்சு அவசரத்துல இதைப் பறிச்சுடாதீங்க, கூட வர்ற பசங்க கையில காய் போகாம பாத்துக்கோங்க.

காலைல போனீங்கன்னா பூ பக்கத்துல ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. பத்து மகரந்தத்தாள் இருக்கும், மேல இருக்கற மூணு சப்பையா மலடா இருக்கும், கீழ மூணு நீளமா வளைஞ்சு நிக்கும். இந்தப் பூவுல தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் பை வெடிச்சுக் கொட்டாது, நுனியில ஊசித்துளை மட்டும் இருக்கும். தச்சு வண்டு, அந்தக் கறுத்த பெரிய வண்டு வந்து பூவைக் கட்டிப் பிடிச்சு இறக்கையை அசைக்காம உடம்பை மட்டும் அதிர வைக்கும், ஙொய்னு சத்தம் மாறும், அந்த அதிர்வுக்குத்தான் மகரந்தம் துளை வழியா பீய்ச்சி அடிக்கும், வண்டோட வயித்துல மஞ்சளா ஒட்டறதைக் கண்ணால பாக்கலாம். இன்னொண்ணு, அவரை துவரை குடும்பம்ங்கறதால இதுவும் வேர் முடிச்சு வச்சு காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்கும்னு நிறைய பேர் எழுதறாங்க. இந்த சென்னா இனங்கள் பொதுவா வேர் முடிச்சு போடறது இல்ல. ஆவாரைத் தழையை வயல்ல போட்டு மிதிக்கறது நம்ம ஊர்ல பழைய வழக்கம், அது நல்ல தழை உரம்தான், உவர் நிலத்துக்கும் போடுவாங்க, ஆனா அந்த நன்மை தழை மக்கறதால வர்றது.

சுகருக்கு முன்னாடி இந்தச் செடிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தோல்தான். பட்டைல துவர்ப்புச் சத்து, அதாவது டானின், ரொம்ப ஜாஸ்தி. ஆவாரம்பட்டைல ஊறவச்சு கடுக்காய் போட்டு முடிச்ச மெட்ராஸ் தோல் 19ஆம் நூற்றாண்டுல கப்பல் கப்பலா இங்கிலாந்துக்குப் போச்சு, திண்டுக்கல், ஈரோடு, திருச்சின்னு தோல் ஷாப்புகள் இருந்த ஊருக்கெல்லாம் பட்டை வண்டி வண்டியா வந்துச்சு. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல குரோமிய உப்பு வச்சுப் பதப்படுத்தற முறை வந்துச்சு, சென்னைல குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வந்தது அப்படி ஒரு தோல் கம்பெனியாலதான். இன்னொரு பக்கம் வாட்டில் பட்டை தென்னாப்பிரிக்காவுல இருந்து இறங்கி ஆவாரையை ஓரம் கட்டிடுச்சு. நீலகிரிலயும் கொடைக்கானல்லயும் புல்வெளியை மூடிக்கிட்டு சீகை மரம் நிக்குதே, அந்த வாட்டிலை அவ்வளவு நட்டதுக்கு தோல் தொழிலுக்குப் பட்டை வேணும்ங்கறது ஒரு முக்கியக் காரணம். அதுவும் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு அவரைக் குடும்பத்து மரம்தான். கரட்டுல சும்மா கிடந்த செடியை விட்டுட்டு சோலைப் புல்வெளியை அழிச்சுட்டமேன்னு எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

சரி, அப்பா விஷயத்துக்கு வர்றேன். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு ஃபார்வர்டு வரும், பழமொழியை மருந்துச் சீட்டா எடுத்துக்காதீங்க. சித்த மருத்துவத்துல ஆவாரைக் குடிநீர்னு ஒரு கஷாயமே இருக்கு, அதுல ஆவாரையோட கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரை, கோஷ்டம், மருது எல்லாம் சேரும், ஆக மரபுல வெறும் பூவை மட்டும் நம்பி உக்காரல. சுகர் வரவச்ச எலிகளுக்கு இந்தப் பூவோட சாறு கொடுத்தப்ப சர்க்கரை குறைஞ்சதா ஆய்வுகள் இருக்கு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள்லயே பண்ணியிருக்காங்க. எலிக்குக் குறைஞ்சதை வச்சு எழுபது வயசுக்காரருக்கு எத்தனை பூ, எத்தனை நாள்னு கணக்குப் போட முடியாது. அவர் ஏற்கனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிட்டு இருந்தா ரெண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிடற ஆபத்தும் இருக்கு. இலங்கைல எலிகள்ல பண்ணின ஒரு ஆய்வுல இந்த டீ கொடுத்தப்ப வலிப்பு மாத்திரையான கார்பமாசிபைன் ரத்தத்துல அளவு கூடிப் போச்சு, அதனால வேற மாத்திரை எடுக்கறவங்களுக்கும் இது சும்மா பூத்தானேன்னு விட முடியாது. டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடிக்கட்டும், வீட்டுல குளுக்கோமீட்டர் இருந்தா அடிக்கடி பாத்துக்கோங்க, மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிக்கறதுன்னா என் பதில் வேண்டாம்ங்கறதுதான்.

பறிக்கறதுன்னா மழை இல்லாத நாளாப் பாத்துப் போங்க, ஐப்பசில இருந்து தை வரைக்கும் நல்லா பூக்கும், கோடை மழை பெஞ்சாலும் கொஞ்சம் வரும். பனி காஞ்ச பிறகு பறிங்க, ஈரத்தோட பறிச்சா கறுத்துடும். வண்டி போற மெயின் ரோட்டை ஒட்டி இருக்கறதும் களைக்கொல்லி அடிச்ச வரப்புல இருக்கறதும் வேணாம். ஒரு செடியை மொட்டையடிக்காதீங்க, வண்டுக்கும் விதைக்கும் விடுங்க. நிழல்ல பரப்பி, தொட்டா நொறுங்கற அளவுக்குக் காயவச்சு காத்துப் புகாத டப்பால போடணும், ஈரம் இருந்தா பூஞ்சை வந்துடும். கடைல வாங்கறது ஏன் சிக்கல்னா காஞ்ச பூவோட காது வராது, அது தண்டுல தங்கிடுது, அப்புறம் எந்தப் பூன்னு சொல்றது கஷ்டம். அதுக்கு உங்க ஊர்லயே சுலபமா ஒரு வழி இருக்கு, மார்கழி கடைசில பொங்கலுக்குக் காப்பு கட்டறதுக்கு வேப்பிலை, பூளைப்பூவோட ஆவாரம்பூவும் கொத்துக் கொத்தா மார்க்கெட்டுக்கு வரும், அது இலை, தண்டோட வர்றதால காதைப் பாத்தே வாங்கலாம்.

வீட்டுல மொட்டை வெயில் அடிக்கற இடம் கொஞ்சம் இருந்தா வளர்த்துடலாம், அதுதான் எல்லாத்தையும் விட நல்லது. விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டா மாசக்கணக்கா கிடக்கும். சூடான தண்ணில ராத்திரி ஊறவையுங்க, இல்லன்னா ஒரு பக்கம் உப்புத்தாள்ல லேசா தேச்சுட்டு ஊறவையுங்க. ஆணிவேர் சட்டுனு இறங்கிடும், தொட்டில வளர்த்து மாத்தி நட்டா அது பிடிக்காம போகலாம், ஆவணி புரட்டாசில நேரா மண்ணுலயே போட்டுடுங்க. வேர் பிடிக்கற வரைக்கும் தண்ணி, அப்புறம் தினம் தண்ணி ஊத்தினாதான் அது கெடும். இலையில பச்சைப் புழு இருந்தா மருந்து அடிக்காதீங்க, வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிங்க இதுலதான் முட்டை போடும், நாலு இலை போனா செடிக்கு ஒண்ணும் ஆகாது.

போய்ப் பாத்துட்டு சந்தேகம்னா பூவை மட்டும் குளோசப் எடுத்துப் போட்டு இதானான்னு கேக்காதீங்க. இலைக்காம்பு தண்டோட சேர்ற இடம் ஒண்ணு, முழு இலையோட மேல்பக்கம் ஒண்ணு, காய் ஒண்ணு, தள்ளி நின்னு முழுச்செடி ஒண்ணுன்னு நாலு போட்டோ கீழ போடுங்க, பாத்துச் சொல்றேன்.